நிறையப் படித்தால் தெளிவு வருமா, குழப்பம் வருமா?

வணக்கம். இந்த வாரம் வந்த சந்தேகங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஐயா, மு.வ. உரை மட்டும் வைத்துத் திருக்குறள் படித்தபோது எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. அப்புறம் பரிமேலழகர், கலைஞர் என்று நான்கு உரைகளைச் சேர்த்துப் படித்தேன். இப்போது 55ஆம் குறளுக்கு என்ன பொருள் என்று மகன் கேட்டால் பதில் வரவில்லை. ஆழமாகப் படித்தால் அறிவு வளருமா, குழப்பம்தான் வளருமா?"

அம்மா, இரண்டும் வளரும். குழப்பம்தான் முந்திக்கொண்டு வரும். அதோடு நிறுத்திவிட்டவர்களுக்குத்தான் படிப்பே வீண் என்று தோன்றுகிறது.

நீங்கள் சொன்ன குறளையே பார்ப்போம். "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் மழை." வேறு தெய்வத்தைத் தொழாமல் கணவனையே தொழுது எழுகிறவளைப் பற்றிய குறள். பரிமேலழகர், அப்படிப்பட்டவள் பெய் என்று சொன்னால் மழை பெய்யும் என்கிறார். மு.வ.வும் அதே வழிதான். கலைஞர் உரையில் மழை உவமையாகிவிடுகிறது: ஆணையிட்டதும் பெய்கிற மழையைப் போலத் தன்னை அடிமையாக எண்ணிக்கொள்பவள். வேண்டும் என்கிறபோது பெய்கிற மழை போலப் பயன்படுகிறவள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சரி, எங்கே பிரிகிறார்கள்? 'பெய்யும்' என்கிற அந்த ஒரே சொல்லில். 'மழை பெய்யும்' என்று கொண்டால் வினைமுற்று, அதாவது வாக்கியத்தை முடிக்கிற வினை. 'பெய்கின்ற மழை' என்று கொண்டால் பெயரெச்சம், அதாவது அடுத்து வரும் பெயரைச் சார்ந்து நிற்கிற வினை. தமிழில் 'செய்யும்' என்ற வாய்பாடு இரண்டாகவும் வரும், அதனால் இரண்டு உரைக்கும் இடம் கிடைக்கிறது.

இது தெரிந்ததும் உங்கள் குழப்பம் சுருங்கிவிட்டதைக் கவனித்தீர்களா? ஒரு குறள் முழுக்கப் புரியவில்லை என்ற நிலையிலிருந்து, ஒரு சொல் முற்றா எச்சமா என்ற கேள்விக்கு வந்துவிட்டோம். குழப்பத்துக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. சந்தேகத்துக்குச் சொல்லலாம்.

இனி ஐந்தாவது உரை வேண்டாம். மணிமேகலையின் 22ஆம் காதையை எடுங்கள், சிறைசெய் காதை. அங்கே சதுக்கப் பூதம், அதாவது நாற்சந்தியில் காவல் நிற்கிற தெய்வம், மருதி என்ற பெண்ணிடம் பேசும்போது இந்தக் குறளையே எடுத்துச் சொல்கிறது, சொன்னவரைப் பொய்யில் புலவன் என்கிறது. நீ கதையிலும் விழாவிலும் மனம் வைத்தாய், அதனால் நீ ஏவினால் மழை பெய்யாது என்கிறது. ஏவினால் பெய்யாது! அப்படியென்றால் மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் இந்தக் குறளை வினைமுற்றாகத்தான் படித்திருக்கிறார். உரைகாரர்கள் எல்லோருக்கும் முந்தைய சாட்சி இது. நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

அப்புறம், அந்தக் காலத்து நம்பிக்கையை இன்று நாம் ஏற்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அது வேறு கேள்வி, நியாயமான கேள்வி. அதை இலக்கணக் கேள்வியோடு கலந்துவிட்டால்தான் தலை சுற்றும். இந்தக் குறளில் பலருக்கும் நடப்பது அதுதான்.

உ.வே.சாமிநாதையர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல வருடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அந்த வருடமே சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சமண காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவர் பார்த்ததே இல்லை.

பிறகு படிக்க உட்கார்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் தடை. அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரையில் எந்த நூல் என்று பெயர் சொல்லாத மேற்கோள்கள், சமண சமயச் சொற்கள். அவ்வளவு படித்தவருக்கு இது எவ்வளவு பெரிய திகைப்பு! அவர் அதை மறைக்கவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர் வீட்டுக்குப் போனார். அங்கே தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி பாராயணம் முடிந்ததைக் கொண்டாடுகிறார்களாம். தமிழ்ப் பண்டிதர்கள் கைவிட்ட நூல் அந்த வீட்டில் வழிபாடாக உயிரோடு இருந்தது. அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். இடம் தெரியாத அந்த மேற்கோள்களைத் தேடிப் போனதும் அவரைப் பத்துப்பாட்டு போன்ற பழைய நூல்களுக்குள் கொண்டுபோனது.

இன்னொன்றையும் பாருங்கள். அவர் தனியாகப் படிக்கவில்லை. முதலியாருக்குப் பாடம் சொல்லிக்கொண்டே படித்தார். நன்னூல் என்ற இலக்கண நூலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது: ஆசிரியரிடம் கேட்பதில் கால் பங்கு, உடன் படிப்பவர்களோடு பழகுவதில் கால் பங்கு, மீதி அரைப் பங்கும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். நீங்கள் நான்கு உரைகளோடு தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், அம்மா. கேட்க ஒரு மகன் வீட்டிலேயே இருக்கிறான்.

இன்றைக்கே அவனை உட்கார வைத்து, 'மழை பெய்யும்', 'பெய்யும் மழை' என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவன் எந்தப் பக்கம் நிற்கிறான், ஏன் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன்.