குஞ்சுகளின் ரத்தக் கழிச்சலும் குடற்புழுவும்

நேயர்களுக்கு வணக்கம். மழைக்காலம் வந்துவிட்டால் போதும், கால்நடை மருந்தகத்துக்குக் கோழிக்குஞ்சோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரக் குஞ்சாக இருக்கும். இறகு சிலிர்த்து, சிறகு தொங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒடுங்கி நிற்கும். எச்சத்தில் ரத்தம். "புழு மருந்து கொடுத்துப் பார்த்தோம் டாக்டர், கேட்கவில்லை" என்பார்கள். கேட்காதுதான், ஏனென்றால் அது புழுவே இல்லை.

இந்த ரத்தக் கழிச்சலுக்குக் காரணம் ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. குடல் சுவரின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதில் ஒரு வகை குருட்டுக்குடலைத் தாக்கும். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் குருட்டுக்குடல் இரண்டும் ரத்தம் கட்டி வீங்கியிருக்கும். மூன்று முதல் ஆறு வாரம் வரைதான் குஞ்சுக்கு ஆபத்து அதிகம்.

புழுவின் கணக்கு வேறு. உருண்டைப்புழுவின் முட்டையைக் குஞ்சு விழுங்கினால், அது வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். மூன்று வாரக் குஞ்சின் குடலில் வளர்ந்த புழு எப்படி இருக்கும்? அதனால் நான் முதலில் குஞ்சின் வயதைத்தான் கேட்பேன்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழி அவ்வப்போது கரும்பழுப்பாக, பசைபோல, நாற்றத்தோடு எச்சமிடும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, இயல்பானதுதான். அதைப் பார்த்துப் பயந்து மருந்துக்கு ஓடி வருகிறவர்களும் உண்டு! பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அது வைரஸ் நோய், அதற்குத் தடுப்பூசிதான் வழி.

சரி, ரத்தக் கழிச்சலுக்கு என்ன மருந்து? ஆம்ப்ரோலியம். கடையில் கிடைக்கும் 20 சதவீதத் தூள் என்றால் ஒரு லிட்டர் குடிநீருக்கு 0.6 கிராம், நோய் கடுமையாக இருந்தால் 1.2 கிராம். மூன்று முதல் ஐந்து நாள் கொடுத்துவிட்டு, அப்புறம் 0.3 கிராமாகக் குறைத்து ஒன்று, இரண்டு வாரம் தொடர வேண்டும். தீவனத்தில் கலக்காதீர்கள். நோய்ப்பட்ட குஞ்சு இரை எடுக்காது, ஆனால் தண்ணீர் குடிக்கும். மருந்துத் தண்ணீரைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள், வேறு தண்ணீர் வைக்காதீர்கள். நன்றாக இருக்கிற குஞ்சுகளுக்கும் சேர்த்தே கொடுங்கள், அவையும் தரையில் பரப்பிய அதே கூளத்தைத்தான் கொத்துகின்றன.

பலர் செய்வது இது: குஞ்சு தெம்பாக இருக்கட்டும் என்று பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் கூடவே ஊற்றுவார்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே அந்த ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் சேராமல் தடுத்துத்தான். டானிக் ஊற்றினால் மருந்தை நாமே கெடுத்த மாதிரி. அதை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள். வைட்டமின் ஏ, கே கொடுக்கலாம்.

மருந்தைவிட நான் அதிகம் நம்புவது காய்ந்த கூளத்தை. எச்சத்தோடு வெளியேறும் ஐமீரியாவின் கருமுட்டை உடனே நோய் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும். பினாயில் தெளித்தால் சாகாது. உமியோ கடலைத்தோலோ, எதைப் பரப்பினாலும் தினமும் கிளறிவிடுங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வைத்தாலே பாதி ஈரம் குறையும். குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடாதீர்கள். நோய் காட்டாமலே அவை கருமுட்டையைக் கழிக்கும்.

புழு பிறகுதான் வரும். இரண்டு, மூன்று மாதக் கோழி நன்றாகத் தின்றும் எடை ஏறாமல், நெஞ்செலும்பு துருத்தி, கொண்டை வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். சில நேரம் வேகவைத்த சேமியா மாதிரி புழுவே எச்சத்தில் கிடக்கும். எட்டாவது வாரத்தில் ஒருமுறை குடற்புழு நீக்கம் செய்யலாம். பைப்பரசின் என்ற மருந்து உருண்டைப்புழுவுக்கு மட்டும்தான். எறும்பு, வண்டு தின்று வரும் நாடாப்புழுவுக்கு வேறு மருந்து வேண்டும்.

எதுவென்று தெரியாவிட்டால் காலையில் விழுந்த எச்சத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு வாருங்கள். குஞ்சு செத்திருந்தால் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, அன்றைக்கே கொண்டு வாருங்கள். அழுகிவிட்டால் எங்களாலும் எதுவும் சொல்ல முடியாது. நன்றி, வணக்கம்.