தம் போட்டா டென்ஷன் குறையுதா? சிகரெட்டை விட நினைக்கிறவங்களுக்கு

[திரையில்: விரலிடுக்கில் புகையும் சிகரெட்]

"டென்ஷனா இருக்கு, ஒரு தம் போட்டாத்தான் சரியாகும்." சிகரெட் பிடிக்கிறவங்க இதைச் சொன்னா அது பொய் இல்லை. நிஜமாவே சரியாகுது. ஆனா அந்த டென்ஷன் எங்கேருந்து வந்துச்சு?

இழுத்த புகையில இருக்கிற நிக்கோட்டின் நுரையீரல் வழியா மூளைக்குப் போக 10லேருந்து 20 விநாடி போதும். சந்தோஷ உணர்வைத் தர்ற டோபமைன்ங்கிற ரசாயனம் சுரக்கும், மனசு லேசாகும். ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல இருக்கிற நிக்கோட்டின் பாதியா இறங்கிடும். இறங்க இறங்க எரிச்சல், படபடப்பு, எந்த வேலையிலயும் மனசு ஒட்டாது. அடுத்த சிகரெட் தீர்த்து வைக்கிறதுல பெரும்பகுதி இந்தத் தவிப்பைத்தான். போன சிகரெட் கிளப்பி விட்டதை இந்த சிகரெட் அடக்குது. பிடிக்காதவருக்கு அந்தத் தவிப்பே கிடையாது.

நம்மைக் கட்டிப்போடறது நிக்கோட்டின். உடம்பைக் கெடுக்கிறது பெரும்பாலும் புகை. அதுல 7,000க்கும் மேல ரசாயனங்கள், சுமார் 70 புற்றுநோய் வரவழைக்கக் கூடியவை. புற்றுநோய் பத்தித் தெரியாதவங்க இல்லை, அதனால இதயத்துக்கு வர்றேன். புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா பிடிச்சுக்கும். ரத்தம் ஓடும், ஆனா ஆக்சிஜன் குறைச்சலா ஓடும். அதே நேரத்துல நிக்கோட்டின் இதயத்தை வேகமா அடிக்க வைக்கும். ரத்தக் குழாயோட உள்சுவரும் கெட்டுப்போய், ரத்தம் சீக்கிரமா உறையும்.

"நான் ஒரு நாளைக்கு ஒண்ணுதான்"னு சொல்றவங்க கொஞ்சம் கவனிங்க. 2018ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. தினம் 20 பிடிக்கிறவருக்கு மாரடைப்பு மாதிரி இதயநோய் அபாயம் எவ்வளவு கூடுதோ, அதுல ஆண்களுக்குக் கிட்டத்தட்ட பாதியும், பெண்களுக்கு மூணுல ஒரு பங்கும் ஒரே ஒரு சிகரெட்லயே வந்துடுது.

[திரையில்: ஃபில்டரின் நெருக்கமான காட்சி]

"லைட்" சிகரெட்டும் இதே கதைதான். ஃபில்டரைச் சுத்தி ஊசி குத்தின மாதிரி பொடிப்பொடியா ஓட்டைகள் தெரியுதா? மெஷின்ல வச்சு அளக்கும்போது அது வழியா காத்து நுழைஞ்சு புகை நீர்த்துப்போகும், அளவு கம்மியா காட்டும். மனுஷன் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்த ஓட்டையை மூடிடும். போதலைன்னா இன்னும் ஆழமா இழுப்பான்.

சரி, இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுதுன்னு தோணலாம். பிரிட்டன்ல ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951ல ஆரம்பிச்ச ஆய்வு, 34,000க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களை 50 வருஷம் பின்தொடர்ந்தது. தொடர்ந்து பிடிச்சவங்க சராசரியா 10 வருஷம் முன்னாடியே இறந்தாங்க. 60 வயசுல விட்டவங்களுக்குக்கூட சுமார் 3 வருஷம் திரும்பக் கிடைச்சுது. 40ல விட்டவங்களுக்கு 9.

இப்போ விடறது. மனஉறுதி மட்டும் போதும்னு சொல்றவங்களை நம்பாதீங்க. எந்த உதவியும் இல்லாம விட முயற்சி பண்றவங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேருக்கு மேல தாக்குப்பிடிக்கிறதில்லை. தோல்ல ஒட்டிக்கிற நிக்கோட்டின் பேட்ச் மெதுவா, சீரா நிக்கோட்டினைக் கொடுக்கும். திடீர்னு வர்ற ஆசைக்கு கம், அதாவது நிக்கோட்டின் கலந்த சூயிங்கம். ரெண்டையும் சேர்த்து எடுத்தா, ஒண்ணை மட்டும் எடுக்கிறதைவிட நல்ல பலன். காலையில எழுந்த அரைமணி நேரத்துக்குள்ள பத்த வைக்கிற ஆளுக்கு 4 மில்லிகிராம் கம், மத்தவங்களுக்கு 2.

இந்த கம்மை பபிள்கம் மாதிரி மென்னுட்டு "வேலை செய்யலை, விக்கல்தான் வருது"ன்னு தூக்கிப் போட்டவங்க நிறைய. மெதுவா மெல்லுங்க. நாக்குல காரமா சுருக்குனு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க. காரம் போனதும் மறுபடி மெல்லணும். அரைமணி நேரம் இப்படியே. நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாத்தான் ஏறணும். விழுங்கினா வயித்தைத்தான் புரட்டும். கம் போடறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியிலேருந்து காபி, ஜூஸ் வேண்டாம்.

காபியில இன்னொரு விஷயமும் இருக்கு. புகை, கல்லீரல்ல காஃபீனை வேகமாக் கரைக்க வைக்கும். சிகரெட்டை நிறுத்தினதும் அந்த வேகம் குறைஞ்சிடும். அதே ரெண்டு கப் குடிச்சாலும் ரத்தத்துல காஃபீன் கூடிடும். கை நடுங்குது, தூக்கம் வரலைன்னு சிகரெட்டை விட்டது மேல பழியைப் போட்டுட்டு திரும்பப் பத்த வைப்போம். அந்த வாரங்கள்ல காபியைப் பாதியாக் குறைச்சுடுங்க.

முதல் ரெண்டு மூணு நாள்தான் ரொம்ப மோசம். ஒவ்வொரு தடவை ஆசை எழும்பும்போதும் சில நிமிஷத்துல தானா அடங்கும். அதுவரைக்கும் எழுந்து நடங்க. சிலருக்கு இருமல் கூடும், மூச்சுக்குழாய் மறுபடி சளியைத் தள்ள ஆரம்பிச்சதால. எடை கொஞ்சம் ஏறும். வரெனிக்ளின், சைட்டிசின்னு மாத்திரைகளும் இருக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தா மட்டும். கர்ப்பிணிகளும் இதயநோய் உள்ளவங்களும் எதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் டாக்டரைக் கேட்டுடுங்க.

நடுவுல ஒரு நாள் ஒண்ணு பிடிச்சிட்டீங்கன்னு வைங்க. "அவ்வளவுதான், போச்சு"ன்னு பேட்சைக் கழட்டி எறியாதீங்க. பேட்ச் அப்படியே இருக்கட்டும். பாக்கெட்ல மீதி இருக்கிறதைத் தண்ணியில நனைச்சுக் குப்பையில போட்டுட்டு, கம்மை எடுத்து வாயில ஒதுக்குங்க.