8 முதல் 20 வரை கடை லீவு

வணக்கம்ங்க. மணி காலை ஐந்தேகால். கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன், சின்னவன் உள்ளே தூங்குகிறான். எழுந்துவிட்டால் வீடியோ அத்தோடு முடிந்தது. பின்னால் வெள்ளை வேட்டியில் பரப்பியிருப்பது நேற்று இரவு வறுத்த உளுந்தும் கடலைப்பருப்பும். அந்த முறத்தில் இருப்பது மிளகாய். ஏழரை மணிக்கு மாவு மில் திறப்பார்கள், முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். நமக்கு முன்னால் யாராவது மல்லி அரைத்துவிட்டுப் போயிருந்தால் முதல் அரை கிலோ பொடியில் அந்த வாசம் ஏறிவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த நேரத்துக்கு எழுந்திருக்கிறேன்.

போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "அக்கா, வேலை, ரெண்டு பிள்ளைங்க, பொடி வியாபாரம், எப்படி பேலன்ஸ் பண்றீங்க?" நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். பேலன்ஸை பேலன்ஸ் ஷீட்டில்தான் பார்த்திருக்கிறேன், வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வருடமாக நான் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. மாதாமாதம் 8-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதி வரை கடையை மூடிவிடுவேன். ஆர்டர் எடுக்க மாட்டேன், அரைக்க மாட்டேன், அனுப்பவும் மாட்டேன். ஏன் அப்படி என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. நாங்கள் கரூர். நான் வேலை பார்ப்பது படுக்கை விரிப்பு, கிச்சன் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை, சனிக்கிழமையும் உண்டு. சின்னவன் 2022 பிப்ரவரியில் பிறந்தான். பிரசவ விடுப்பு 26 வாரம் கிடைத்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்கு முன்னால் 12 வாரம்தான். அந்த விடுப்பில் வீட்டுக்கு அரைத்த இட்லிப் பொடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் திருச்சியில் இருக்கிற மகளுக்கு அனுப்பினார்கள், அந்தப் பெண் தன் ஆபீஸ் ஆட்களுக்குக் கொடுத்தாள். வியாபாரம் ஆரம்பித்தது இப்படித்தான். லோகோ எல்லாம் ஒரு வருடம் கழித்து வந்தது.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பின நாட்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்ப்பால் கொடுக்க, வழக்கமான இடைவேளை போக, ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. மகள் பிறந்தபோது இது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. பையனுக்குத் தெரிந்துகொண்டு கேட்டேன். குழந்தைகள் காப்பகம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில்தான் கட்டாயம். எங்கள் ஆபீஸில் முப்பத்துச் சொச்சம் பேர், அதனால் அது இல்லை. வீடு ஒன்பது கிலோமீட்டர், இடைவேளையில் போய்வரவும் வழியில்லை. அந்த இரண்டு இடைவேளையைச் சேர்த்து, மாலையில் சீக்கிரம் கிளம்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அப்புறம் சரி என்றார்கள். கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

சரி, கடை மூடும் கதைக்கு வருகிறேன்.

2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை பில் விவரம் போட வேண்டும், 20-ஆம் தேதிக்குள் 3பி, அதாவது வரி கட்டுகிற ரிட்டர்ன் போட வேண்டும். அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின நாள் ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள். ஆபீஸில் போனஸ் கணக்கும் அதே வாரம். இது எல்லாம் தெரிந்தே நான் என்ன செய்தேன்? கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரர் 40 கிலோ முறுக்கு மாவு கேட்டதும் வாயெல்லாம் பல்லாகச் சரி என்று சொல்லிவிட்டேன். அதுவரை ஒரே ஆர்டரில் ஐந்து கிலோவைத் தாண்டினது கிடையாது.

முறுக்கு மாவுக்கு அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உளுந்தை வறுத்துச் சேர்த்து அரைக்க வேண்டும். ஐப்பசி மாதம் அரிசி எங்கே உலரும்? ஃபேனுக்குக் கீழே பரப்பினேன். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். 8-ஆம் தேதி பையனுக்குக் காய்ச்சல் 103. வீட்டுக்காரருக்கு அந்த வாரம் இரவு ஷிஃப்ட். ஒரு கையில் ஈரத்துணி, ஒரு கையில் சீலிங் மெஷின். மில்லிலிருந்து வந்த மாவு சூடாக இருக்கும், ஓர் இரவு ஆறவிட்டுத்தான் பாக்கெட்டில் போட வேண்டும். அது தெரியாதவளா நான்? தெரியும். நேரம் இல்லை, அடைத்துவிட்டேன். சூடு பவுச்சுக்குள் வியர்த்து, அரிசியில் இருந்த ஈரமும் சேர்ந்து, கடைக்காரர் பிரித்துப் பார்த்தபோது மாவு கட்டி கட்டியாக இருந்திருக்கிறது, வாடையும் அடித்திருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். திட்டக்கூட இல்லை அவர். "வேண்டாம்மா, விடுங்க" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அது போதாதென்று ஆபீஸிலும் ஒரு பில்லை வேறு பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றிவைத்திருந்தேன். அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய கிரெடிட் இன்னொருவருக்குப் போய் நின்றது. அடுத்த மாத ரிட்டர்னில் திருத்திவிடலாம், திருத்தியும்விட்டேன். ஆனால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டில ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டாரே, அதற்கு என்ன பதில் சொல்வது? முறுக்கு மாவுதான் சார் பிரச்சினை என்றா?

தீபாவளி அன்றைக்கு மகள் புதுத்துணி போட்டுக்கொண்டு வந்து நின்றாள், நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேனாம். அத்தைதான் எல்லாருக்கும் எண்ணெய் வைத்துக் குளிக்க வைத்தார்.

டிசம்பரில் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஊரார் கணக்கெல்லாம் பைசா சுத்தமாகப் பார்க்கிறவள், என் வியாபாரத்துக்குக் கணக்கே எழுதினதில்லை. சம்பளம் அப்போது 24,000. 26 நாள், நாளைக்கு எட்டு மணி நேரம். வகுத்தால் மணிக்கு 115 ரூபாய். அப்புறம் பொடிக் கணக்கு. ஒரு கிலோ இட்லிப் பொடிக்குச் சாமான் 190 ரூபாய். வறுத்தால் எடை குறையும், அதையும் சேர்த்துத்தான் அந்த 190. மில் கூலி 20. 200 கிராம் பவுச் ஐந்து, ஸ்டிக்கரோடு 40. கேஸ் 10. மொத்தம் 260. நான் விற்றது 200 கிராம் 80 ரூபாய்க்கு, அதாவது கிலோ 400. கிலோவுக்கு 140 நிற்கிறது. மாதம் 30 கிலோ, 4,200 ரூபாய். வறுக்க, அரைக்க, சலிக்க, அடைக்க, போனில் பதில் சொல்ல என்று போன நேரத்தையும் எழுதினேன். 60 மணி நேரம். மணிக்கு 70 ரூபாய்!

என் ஆபீஸ் சம்பளத்தைவிடக் குறைவான கூலிக்கு, பிள்ளைகள் தூங்கின பிறகு, எனக்கு நானே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டு இன்னும் வைத்திருக்கிறேன், இதோ, மஞ்சள் கறையோடு.

அந்த வாரம்தான் 8 முதல் 20 வரை லீவு என்று முடிவெடுத்தேன். ஒன்பது வகை பொடி மூன்றாகக் குறைந்தது: இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. சத்துமாவை நிறுத்தினதுக்கு நிறையப் பேர் வருத்தப்பட்டீர்கள். அது முளைகட்டி உலர்த்தி எடுக்கவே மூன்று நாள் ஆகும். போதாததற்குச் சின்னக் குழந்தைகள் சாப்பிடுகிற பொருள், உள்ளே முந்திரி, நிலக்கடலை எல்லாம் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் செய்யக் கூடாத பொருள் என்று எனக்குத் தோன்றியது. பூண்டுப் பொடி தானாகவே போய்விட்டது. 2024 ஆரம்பத்தில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டினது ஞாபகம் இருக்கும். விற்க விற்க நஷ்டம்.

அப்புறம் விலையை ஏற்றினேன். 80-லிருந்து 100, ஆறு மாதம் கழித்து 120. கை நடுங்கியது, உண்மையைச் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து பேர் போய்விட்டார்கள். எதிர் வீட்டு அக்காவை வறுக்கிற வேலைக்கு வைத்தேன், ஒரு நாளைக்கு 500 ரூபாய், மாதம் நான்கு நாள். இப்போது மாதம் 25 கிலோதான் போகிறது. கிலோவுக்கு 340 நிற்கிறது, 8,500. அக்காவுக்கு 2,000 போக 6,500. எனக்கு 24 மணி நேரம் ஆகிறது. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 270. நடுவில் பருப்பு விலை ஏறும் இறங்கும், அப்போதெல்லாம் இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுவிடுவேன். அத்தை சும்மா உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுவதாகச் சொல்வார், அதற்கும் தனியாகக் கொடுக்கிறேன். முதலில் வாங்க மறுத்தார். இப்போது 5-ஆம் தேதி ஆனால் அவரே ஞாபகப்படுத்துகிறார்.

லைசென்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு: நான் எடுத்தது எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அடிப்படைப் பதிவு, 2022 அக்டோபரில். விற்றுமுதல் வருடத்துக்கு 12 லட்சத்துக்குள் என்ற கணக்கில் வருடத்துக்கு 100 ரூபாய் கட்டினேன். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எடை, விலை, தயாரித்த தேதி, என்னென்ன சேர்த்திருக்கிறோம், பச்சைப் புள்ளி, இதெல்லாமும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற வெப்சைட் வந்தால் மூடிவிட்டு, கவ் டாட் இன் (gov.in) என்று முடிகிற அரசுத் தளத்துக்குப் போங்கள். அரசு வேலையில் இருந்துகொண்டு கேட்ட தங்கைக்கு: உங்கள் நடத்தை விதிகள்படி அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது, முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, காலை நேரம். மகள் அரசுப் பள்ளி. 2023 ஆகஸ்ட் 25-லிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று. அதுவரை அவளுக்குத் தோசை ஊற்றி, ஊட்டி, பாதியை நான் தின்று, பஸ்ஸைத் தவறவிடுவேன். காலையில் முழுசாக நாற்பது நிமிடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. "பொடி வித்து சம்பாதிக்கிற, பிள்ளைக்கு டிபன் செஞ்சு குடுக்க மாட்டியா?" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அன்றைக்கு முழுக்க அழுகை அழுகையாக வந்தது. சாயங்காலம் மகளிடமே கேட்டேன், "உனக்கு அங்க சாப்பிடப் பிடிக்கலையா?" என்று. "பிடிக்கும், ஆனா நம்ம பொடி இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். அப்புறம் அழவில்லை.

வீட்டுக்காரர் உதவுவாரா என்று கேட்காதீர்கள், அவரிடம் யாரும் அவர் மனைவி உதவுவாளா என்று கேட்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன், 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ராத்திரிச் சமையல் அவருடையது. பகல் ஷிஃப்டாக இருந்தால் தக்காளி சாதம். இரவு ஷிஃப்டாக இருந்தாலும் போவதற்கு முன்னால் செய்து வைக்கிற தக்காளி சாதம்.

ஆ, அழுகைச் சத்தம். எழுந்துவிட்டான்... அத்தை தூக்கிவிட்டார், இரண்டு நிமிடம் இருக்கிறது.

இன்றைக்குத் தேதி 7. மில்லுக்குப் போய்வந்து, பொடியைச் சாயங்காலம் வரை ஆறவிட்டு அடைத்து, ராத்திரி வாட்ஸ்ஆப்பில் "20-ஆம் தேதி வரை லீவு" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுவேன். முன்பெல்லாம் அதைப் போட்டவுடன் யாராவது கோபித்துக்கொள்வார்கள். இப்போது 5-ஆம் தேதியே மெசேஜ் வந்துவிடுகிறது. நேற்று ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்: "கண்ணு, நீ கடையைச் சாத்திருவ, எங்க வீட்டுல இவரு அதுக்குள்ள காலி பண்ணிருவாரு, ரெண்டு பாக்கெட் சேத்தியே போட்டுரு." அந்த இரண்டையும் சேர்த்து இன்றைக்கு ஒன்பது கிலோ. பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்ங்க, மல்லி அரைக்கிறவர்கள் வந்துவிடப் போகிறார்கள்.