ஸ்மித் நாவல்களைத் தாங்கி நிற்பது நட்பே

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வோட்ஹவுஸ் எழுதிய ஸ்மித் நாவல்கள் நூறாண்டு கடந்தும் படிக்கப்படுவதற்குக் காரணம் சிரிப்பா, நட்பா என்பதே நம் முன் உள்ள வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், அந்தக் கதைகளில் சிரிப்புதான் சாப்பாடு, நட்பு வெறும் ஊறுகாய் என்று சொல்லி அமர்ந்தார். இலையில் போட்ட சோறே நட்புதான் என்று நிறுவுவது என் கடமை.

நூல்களைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைக் ஜாக்சன் அதிகம் பேசாதவன். கிரிக்கெட் மட்டையைக் கையில் கொடுத்தால் போதும் என்றிருப்பவன். ஸ்மித்தோ ஒற்றைக்கண் கண்ணாடி அணிந்து, எதிரே வருபவரையெல்லாம் ‘தோழர்’ என்று அழைத்து, மூச்சுவிடாமல் பேசுபவன். தன் பெயருக்கு முன்னால் உச்சரிக்கப்படாத ஒரு ‘பி’ எழுத்தைத் தானே சேர்த்துக்கொண்டவன். தத்தம் பழைய பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டு, ஸெட்லி என்ற பள்ளிக்கு ஒரே நாளில் வந்து சேரும் இவ்விருவரின் கதை, 1909இல் வெளியான ‘மைக்’ நாவலின் பிற்பகுதியில் தொடங்கி, 1923இல் வந்த ‘லீவ் இட் டு ஸ்மித்’ வரை நீள்கிறது.

எதிரணியினர் பெரிதும் மெச்சிய காட்சியையே நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் டவுனிங்கின் நாய்க்கு எவனோ சிவப்புச் சாயம் பூசிவிடுகிறான். சாயம் பட்ட காலணி ஒன்று கிடைத்தால் குற்றவாளி அகப்படுவான் என்று துப்பறியக் கிளம்பும் அவர், ஸ்மித்தின் அறையைக் குடைந்து, புகைபோக்கிக்குள் கையை விட்டுக் கரியைப் பூசிக்கொண்டு நிற்கிறார். அவை குலுங்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் காலணி யாருடையது? மைக்கினுடையது. அதை ஒளித்துவைத்தவன் யார்? ஸ்மித். நண்பன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே எண்ணத்தை அவன் மனத்திலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள்: ஒளித்துவைக்க வேண்டிய தேவையும் இல்லை, தேட வேண்டிய வேலையும் இல்லை, கரியும் இல்லை, சிரிப்பும் இல்லை. அது மட்டுமா? பழி மைக்கின்மேல் விழும்போது, நீதான் செய்தாயா என்று நண்பனிடம் ஒரு வார்த்தைகூடக் கேளாமல், செய்தவன் நானே என்று ஸ்மித் ஒப்புக்கொள்கிறான். உண்மையில் இருவருமே செய்யவில்லை! உடுக்கை இழந்தவன் கை யோசித்துவிட்டா நீள்கிறது? வள்ளுவர் சொன்ன அந்தக் கையை, நாள் முழுதும் வாய் ஓயாத இந்த இளைஞனிடம் நான் கண்டேன்.

1910இல் வெளியான ‘ஸ்மித் இன் த சிட்டி’ இதைவிட ஆழமானது. வோட்ஹவுஸே கல்லூரிக்குப் போக வழியில்லாமல், ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் 1900 முதல் இரண்டாண்டுகள் வேலை பார்த்தவர். அந்த அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தந்தையின் பணம் கரைந்து, கேம்பிரிட்ஜ் கனவு கலைந்து, லண்டனில் வாடகைக்கு எடுத்த களையற்ற ஓர் அறையில் மைக் முதல்நாள் தனியே உட்கார்ந்திருக்கும் இடத்தைப் படித்துவிட்டு, இது வெறும் வேடிக்கை நூல் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே வங்கிக்கு ஸ்மித்தும் வந்து சேர்கிறான். நண்பனைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொள்கிறான். கடைசியில் தன் தந்தையின் மனத்தைக் கரைத்து, மைக்கைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பவும் வழிசெய்கிறான். மேலாளர் பிக்கர்ஸ்டைக்கை அவன் படுத்தும் பாட்டுக்கெல்லாம் நாம் விழுந்து விழுந்து சிரிப்பது, அவன் யார் பக்கம் நிற்கிறான் என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான்.

மூன்றாம் நாவலான ‘ஸ்மித், ஜர்னலிஸ்ட்’ நூலில் மைக் கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறானே, அப்போது நட்பு எங்கே என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி. நியூயார்க்கில் நடக்கும் அந்தக் கதையில் பாழடைந்த குடியிருப்புகளில் வாழும் ஏழைகளுக்காக ஸ்மித் போராடுவது எனக்குப் பிடிக்கும்; ஆயினும் நான்கில் அதுவே மெலிந்த நூல் என்பது என் தீர்மானமான கருத்து. பேச்சு அப்படியே இருக்கிறது, நகைச்சுவையும் குறையவில்லை. கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்க மைக் இல்லை. எதிரணி கொண்டுவந்த சான்று என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது.

நான்காவதான ‘லீவ் இட் டு ஸ்மித்’ நாவலில், பிளாண்டிங்ஸ் என்ற பிரபுவின் மாளிகைக்கு ஸ்மித்தை முதலில் இழுத்தது காதல்தான், மறுக்கவில்லை. ஆனால் 20,000 பவுண்டு நகையைக் கவர அவன் துணிவதில், பண்ணை வாங்க 3,000 பவுண்டு இல்லாமல் பள்ளி ஆசிரியராகத் திண்டாடும் மைக்குக்கும் பங்கு உண்டு.

அவையோரே, ஸெட்லிப் பகுதி ‘மைக் அண்டு ஸ்மித்’ என்று 1953இல் தனி நூலாகவே வந்திருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்; உடனே வங்கி நாவலுக்குச் செல்லுங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது சாயம் பட்ட அந்தக் காலணியை மட்டும் மேசைமேல் வைத்துக்கொள்ளுமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.