நாடகத்துக்கு இசையமைத்தால் சினிமாவில் பின்தங்கிவிடுவோமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவை காத்திருக்கட்டும். கரூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாராம். திருச்சியில் ஒரு நாடகக் குழு, தங்கள் புதிய நாடகத்துக்கு இசையமைக்க அழைத்திருக்கிறது. ‘எனக்குச் சினிமாதான் குறி. நாடகத்தில் இறங்கினால் வருடம் வீணாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இரண்டு வேலையும் ஒன்றுதானா, வேறா? நாடகத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?’ இவ்வளவுதான் கேள்வி.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இன்றைக்கு நாடக இசையை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. சபா நாடகமானாலும் சரி, நவீன நாடகமானாலும் சரி, அரங்க வாடகையும் விளக்கு வாடகையும் போக மிஞ்சுவதில்தான் உங்கள் பங்கு. இதைத் தெரிந்துகொண்டே உள்ளே போங்கள். ஆனால் வருடம் வீணாகும் என்கிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ்ச் சினிமா இசையின் வரலாறே அந்த நண்பர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

மதுரையில் 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களை வைத்து நடத்திய நாடகக் கம்பெனி. பாய்ஸ் கம்பெனி என்று பிற்காலத்தில் எல்லோரும் சொன்னது இந்த வகையைத்தான். அங்கே பையனுக்கு வசனத்துக்கு முன்பே பாட்டு வர வேண்டும். தொண்டை இல்லாதவனுக்கு வேடம் கிடைப்பது கடினம். தமிழ் பேசும் படங்கள் வந்தபோது, நடிகர்களோடு சேர்ந்து பாட்டும் இந்த மேடையிலிருந்துதான் படத்துக்குள் நுழைந்தது. பழைய சினிமா இசையமைப்பாளர்களில் ஜி. ராமநாதன் தன் அண்ணனின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துத் தேறியவர். கே.வி. மகாதேவன் இளமையில் நாடகக் கம்பெனியில் அடிபட்டவர். சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவரும் அந்த மகாதேவன்தான், 1967ஆம் ஆண்டின் படத்துக்காக.

இளையராஜாவை எல்லோருக்கும் 1976இலிருந்துதான் தெரியும். அதற்கு முன்பு அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகச் சுற்றிய காலம் ஒன்று உண்டு. சிறுவனாக இருந்தபோது பெண் குரலில் பாடியிருக்கிறார், ஆர்மோனியம் வாசித்திருக்கிறார். 1968இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றதையும், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்ததையும் பேட்டிகளில் கேட்டிருப்பீர்கள். எனக்கு என்னவோ அந்தக் கட்சி மேடைதான் முக்கியமாகப் படுகிறது. டிக்கெட் வாங்காத கூட்டம், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடும். அந்தக் கூட்டத்தை முதல் நான்கு அடிகளுக்குள் உட்கார வைக்கப் பழகியவருக்கு, பல்லவி என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, இரண்டு வேலையும் ஒன்றுதானா? அடிப்படையில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அது நேரம்.

சினிமாவில் நேரம் உறைந்து போயிருக்கும். எடிட்டர் வெட்டி முடித்த பிறகு உங்களிடம் வருகிறது. காட்சி ஒரு நிமிடம் நாற்பது விநாடி என்றால் அது என்றைக்கும் அவ்வளவுதான். ஆர்.ஆர். என்று நாம் சொல்லும் ரீ-ரெக்கார்டிங், அதாவது படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் வேலையில் பாதி கணக்குதான். ஒரு விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். டெம்போ என்பது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. டெம்போ 60 வைத்தால் ஒரு தட்டுக்கு 24 பிரேம். 72 வைத்தால் 20. 90 வைத்தால் 16. காட்சி தொடங்கிப் பத்தாவது விநாடியில் கதவு படாரென்று சாத்தப்படுகிறது என்று வையுங்கள். அது 240ஆவது பிரேம். டெம்போ 72 என்றால் பன்னிரண்டு தட்டு முடிந்து பதின்மூன்றாவது தட்டின் தலையில் கதவு விழும். நான்கு நான்கு தட்டாக மூன்று சுற்று போனதும், நான்காவது சுற்றின் முதல் அடி. எதையும் இழுக்க வேண்டாம், குறைக்க வேண்டாம், தானாகப் பொருந்தும். டெம்போ 80 வைத்தால் தட்டுக்கு 18 பிரேம். கதவு இரண்டு தட்டுகளுக்கு நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். இன்றைக்கு மென்பொருள் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. இருந்தாலும் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், காட்சியின் நாடி பிடிபடும்.

நாடகத்தில் இந்தக் கணக்கு ஒன்றும் செல்லாது. நான் இசையமைத்த ஒரு நாடகத்தில், ஒரு தாய் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டைத் தேடும் காட்சி இருந்தது. வசனம் கிடையாது. ஒத்திகையில் அந்த அம்மா பெட்டியைத் திறப்பார், இரண்டு புடவையை எடுத்து வைப்பார், கார்டை எடுப்பார், முடிந்தது. அரங்கேற்றத்தன்று புடவைக்கு அடியில் ஒரு குழந்தைச் சட்டையை எடுத்தார். ஒத்திகையில் அது கிடையவே கிடையாது. சட்டையைப் பிரித்து, தட்டி, மறுபடி மடித்து, உள்ளே வைத்துவிட்டுத்தான் கார்டைத் தேடினார். அரங்கில் ஒரு இருமல் சத்தம் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த புல்லாங்குழல்காரர் வாசித்துக்கொண்டிருந்த வரியை முடிக்காமல் மந்திர பஞ்சமத்தில், அதாவது கீழ் ஸ்தாயிப் ‘ப’வில் நிறுத்தி, மூச்சைச் சிறிது சிறிதாக விட்டு அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி மூடியதும்தான் சட்ஜமத்துக்கு, அந்த ‘ஸ’வுக்கு, வந்தார். அதே இசையைப் பதிவு செய்து பெட்டியிலிருந்து ஒலிக்கவிட்டிருந்தால், குழந்தைச் சட்டை வெளியே வரும்போது இசை முடிந்து போயிருக்கும்.

அதனால்தான் நாடகத்துக்கு எழுதும்போது முழுப் பாட்டாக எழுதாதீர்கள். நீட்டவும் குறைக்கவும் தோதான சிறு சிறு வரிகளாக எழுதுங்கள். எந்த இடத்தில் விட்டாலும் அரைகுறையாகத் தெரியக் கூடாது. எந்த இடத்திலிருந்தும் மறுபடி எடுக்க முடிய வேண்டும். மெல்லிசை மேடையில் பாடகர் சரணத்தை மறந்து மறுபடி பல்லவிக்குப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அவரோடு போவீர்கள் அல்லவா? அந்தப் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இதை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமானால் புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் திருவிழாச் சமயத்தில் ஒரு ஸ்பெஷல் நாடகத்துக்குப் போய் உட்காருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம். ராஜபார்ட் என்னும் கதாநாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் என்னும் கதாநாயகி ஒரு ஊர், சிரிக்க வைக்கும் பபூன் வேறொரு ஊர். அன்றைக்கு ஒப்பந்தம் பேசி அன்றைக்கே வந்து சேர்வார்கள், ஒத்திகையே கிடையாது. மேடையின் ஒரு பக்கத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும். பக்கத்திலேயே ‘ஆல்ரவுண்ட்’ என்று அழைக்கப்படும் ஒரு கலைஞர், பலவகைத் தாளக் கருவிகளையும் சத்தம் எழுப்பும் பொருள்களையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பபூன் வழுக்கி விழுந்தால் அந்தச் சத்தம் அவருடையது. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடக்கும்போது ஆர்மோனியக்காரரைக் கவனியுங்கள். வள்ளி எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் எடுப்பார், எந்த ராகத்துக்குத் தாவுவார் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. பாடுபவர் மூச்சு இழுக்கும்போதே அவர் விரல் நகர்ந்துவிடும். எந்த இசைக் கல்லூரியிலும் இந்தப் பாடத்தை நான் பார்த்ததில்லை.

நாடகத்தில் இவ்வளவு ஊறியவருக்குச் சினிமா கைகூடுமா என்றால், கன்னடத்தில் பி.வி. காரந்த் இருந்தார். 1929இல் தென்கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டைவிட்டுப் போய் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்த வீரண்ணாவே அவரைக் காசிக்குப் படிக்க அனுப்பினார். அங்கே ஓம்கார்நாத் தாக்கூரிடம் இந்துஸ்தானி இசை கற்றார். கம்பெனி நாடகத்தின் பாட்டுப் பழக்கமும் சாஸ்திரிய இசையும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன. பிறகு தில்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து, 1977இல் அதற்கே இயக்குநரானார். மேக்பெத் நாடகத்தை இந்தியில், கர்நாடகத்தின் கூத்து வடிவமான யக்ஷகான பாணியில் அரங்கேற்றினார். வாத்தியம்தான் இசை என்ற எண்ணமே அவரிடம் கிடையாது. கல், மூங்கில், காகிதம் எது கையில் கிடைத்தாலும் அதிலிருந்து ஒரு ஒலியை எடுத்துவிடுவார். நடிகர்களையே கோரஸாக நிற்க வைத்துப் பாட வைப்பார்.

இந்த மனிதருக்குச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது 1976, 1977ஆம் ஆண்டுகளின் படங்களுக்காக அடுத்தடுத்து இரண்டு முறை கிடைத்தது. இரண்டும் கன்னடப் படங்கள். 1977ஆம் ஆண்டின் படம் கிரீஷ் காசரவள்ளி இயக்கிய ‘கடஸ்ராத்தா’. அதைத் தேடிப் பிடித்து ஒருமுறை பாருங்கள், கதைக்காக இரண்டாவது முறை பார்த்துக்கொள்ளலாம். முதல் முறை, இசை எங்கெல்லாம் இல்லை என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். எங்கே வாயை மூட வேண்டும் என்று ஒத்திகைக் கூடத்தில் கற்றவர் செய்த வேலை அது. இன்றைக்கு நம் படங்களில் கதாநாயகன் செருப்பு மாட்டினாலும் நாற்பது வயலின் எழுந்து நிற்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தம்பியின் கேள்வி மறந்துவிடும்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவில் உச்சத்தில் இருந்தபோது, ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் தயாரிப்பில் லண்டன் அப்போலோ விக்டோரியா அரங்குக்கு ஒரு இசை நாடகம் செய்தார். 2002இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடியது, 2004இல் நியூயார்க் பிராட்வேக்கும் போனது. 2006இல் டொரண்டோவில், ஃபின்லாந்தின் வார்த்தினா இசைக்குழுவோடு சேர்ந்து இன்னொரு பெரிய மேடை நாடகம். முதல் நாடகத்தில் அவருடைய பழைய சினிமா மெட்டுகள் சில இருந்தன. ஸ்டுடியோவில் பாடகர் நன்றாக வந்த ஒரு டேக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். லண்டன் மேடையில் அதே மெட்டை வாரம் எட்டுக் காட்சி, ஆடிக்கொண்டே, சளி பிடித்திருந்தாலும் பாட வேண்டும். மெட்டின் உச்ச ஸ்வரத்தை எங்கே வைப்பது, மூச்சுக்கு எங்கே இடம் விடுவது என்பதெல்லாம் அங்கே நடிகரின் ஆரோக்கியப் பிரச்சினை. உங்கள் நாடகத்திலும் அப்படித்தான். நடிகருக்கு நான்கு கட்டையில்தான் வருகிறது என்றால் உங்கள் மெட்டு நான்கு கட்டைக்கு இறங்கி வர வேண்டும். கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், குரலின் நிறமே மாறிவிடும். நடிகரை நேரில் பாட விட்டுக் கேட்டுவிட்டு மெட்டை மாற்றுங்கள்.

இப்போது பணமும் உரிமையும். சின்னப் பட்ஜெட் படங்களில் பேக்கேஜ் என்று ஒரு தொகை பேசுவார்கள். ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர்கள், பாடகர், மிக்ஸிங் எல்லாம் அதற்குள். கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தெரியும், எல்லாருக்கும் கொடுத்த பிறகு உங்கள் சட்டைப் பையைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்காமல் முதல் மெட்டைப் போட்டுக் காட்டாதீர்கள். சென்னையில் வாத்தியக் கலைஞர்களுக்கு ஒழுங்கான ஊதியம் வேண்டும் என்று எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் சங்கம் கட்டிப் போராடியது இந்தத் தொழிலில் பணம் தானாக வராது என்பதால்தான்.

உரிமை விஷயத்தில் சட்டம் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது. படத்துக்காகப் பணம் பெற்று இசையமைத்தால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பல பத்தாண்டுகள் இசையமைப்பாளர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். திரையரங்கில் படம் ஓடுவதைத் தவிர்த்து, மற்ற வகையில் உங்கள் இசை பயன்படும்போது வரும் ராயல்டியில் உங்களுக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை முழுதாக எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ராயல்டியை வசூலித்துப் பங்கிடும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்தால்தான் அது கைக்கு வரும்.

நாடகத்தில் நிலைமை உங்களுக்குச் சாதகம். நீங்கள் அந்தக் குழுவின் சம்பள ஊழியர் அல்ல, வெளியிலிருந்து வந்து இசையமைக்கிறீர்கள் என்றால், எழுதிக் கொடுக்காதவரை இசை உங்களுடையது. குழுவிடம் முறைத்துக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. ஒரு பக்கத் தாளில் மூன்று விஷயம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: இந்த நாடகத்தின் மேடைக் காட்சிகளுக்கு இசையைப் பயன்படுத்தலாம், காட்சிக்கு இவ்வளவு ஊதியம், வீடியோவாகவோ படமாகவோ மாற்றினால் தனியாகப் பேச வேண்டும். மேடையில் வெற்றி பெற்றதைப் படமாக்குவது நம் ஊரில் புதிது அல்ல. சிவாஜி நாடக மன்றத்தின் கட்டபொம்மன் நாடகம் 1959இல் படமாக வந்தது, படத்துக்கு இசை ஜி. ராமநாதன்தான். உங்கள் திருச்சி நாடகத்தை நாளைக்கு ஒரு இயக்குநர் பார்க்க வந்தால், அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஆகவே தம்பி, திருச்சிக்குப் போங்கள். மெல்லிசைக் கச்சேரிகளை விட்டுவிடாதீர்கள், அரிசி அதிலிருந்துதான் வரும். நாடகக் குழுவிடம் ஒன்றை மட்டும் முதல் நாளே கேளுங்கள்: ஒத்திகை தொடங்கும் நாளிலிருந்து நான் கூடத்தில் இருக்கலாமா? கடைசி வாரம் வந்து இசையைக் கொட்டிவிட்டுப் போனால் போதும் என்று சொல்லும் குழுவானால், அந்த வேலையை வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடுங்கள். சம்மதித்தால், முதல் சில நாள் கீபோர்டைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.