விமானத்தைக் குத்தும் தொரட்டி

(குன்னூரில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

"விமான நிலையமே இல்லாத மலையில் விமான நிலையத் தீயணைப்பு வண்டியைப் பற்றி என்ன பேச்சு?" என்று கீழே டீக்கடையிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். நியாயம்தான். ஆனால் 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, வண்டி போக வழியில்லாத இடத்துக்குக் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள். தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, அது நெருப்பிடம் போய்ச் சேர வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விமானத்திலும் அதே சிக்கல்தான். மழை உள்ளே வராதபடிதானே அதைக் கட்டியிருக்கிறார்கள்? அப்புறம், வெளியே எவ்வளவு நுரை அடித்தாலும் உள்ளே பிடித்த தீ சட்டை செய்யாது. 1985 ஆகஸ்ட் 22, மான்செஸ்டர். தீப்பிடித்து, மேலே கிளம்பாமல் தரையிலேயே நின்றுவிட்ட விமானம். வண்டிகள் உடனே வந்துவிட்டன. இருந்தும் 55 பேர் போனார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை.

இதற்கு வந்ததுதான் நீளும் கை. பலா மரத்துக்கு நாம் எடுத்துப்போகும் தொரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் கூரையில் படுத்துக் கிடக்கும். நிமிர்ந்தால் 50 அடி, சிலவற்றில் 65 அடி. முனையில் கடப்பாரை போல ஓர் ஊசி, அதைச் சுற்றிலும் பூவாளி வாயில் இருப்பதுபோலத் துளைகள். ஊசி விமானத்தைக் குத்தி உள்ளே போனதும் அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். பக்கத்தில் வெப்பத்தைக் காட்டும் கேமரா. ஓட்டுபவர் கேபினை விட்டு இறங்கவே வேண்டாம், ஜாய்ஸ்டிக்கில் ஆட்டலாம். தரையோடு தாழ்த்தி விமானத்தின் வயிற்றுக்கு அடியிலும் நுரை அடிக்கலாம்.

விமானத்தின் அலுமினியத் தோல் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆனாலும் கண்ட இடத்தில் குத்தக் கூடாது. ஜன்னல் வரிசைக்கு மேலே, பெட்டி வைக்கும் தட்டுக்குக் கீழே. அந்தச் சின்ன இடைவெளிதான் இலக்கு. நேராகக் குத்த வேண்டும். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வேலை பார்த்தபோது, முதல் பயிற்சியில் வண்டியைக் கொஞ்சம் சாய்த்து நிறுத்திவிட்டேன். ஊசி வழுக்கிக்கொண்டு போய்த் தகரத்தில் ஒரு முழத்துக்குக் கோடு இழுத்தது, தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தத்தோடு. ஒரு வாரம் கேலி ஓயவில்லை.

குத்துவதைப் பழகிவிடலாம். எப்போது குத்துவது? உள்ளே ஆள் இருந்தால் ஊசி பட்டுவிடுமோ, ஆவி சுட்டுவிடுமோ என்று கை தயங்கும். 2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோவில் ஆசியானா 214 என்ற பயணிகள் விமானம் விழுந்தபோது இந்தக் கை வைத்த வண்டிகள் வந்தன. உள்ளே யாராவது இருக்கக்கூடும் என்றால் குத்தாமல் இருப்பதே மேல் என்று அந்த ஊர்த் தீயணைப்புத் துறையின் வழிகாட்டுதல். தொடக்கத்தில் அந்த வண்டிகளின் முழுத் திறனும் பயன்படவில்லை என்று விசாரணை அறிக்கை எழுதியது. எனக்கு அந்த வழிகாட்டுதல் அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. ஆள் இருக்கிறபோதுதானே உள்ளே தண்ணீர் வேண்டும்? புகை நமக்காகக் காத்திருக்குமா? எப்போது, எப்படிக் குத்துவது என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள் என்ற பரிந்துரை அந்த விபத்துக்குப் பிறகுதான் போனது. கருவி வந்து எத்தனையோ வருஷம் கழித்து!

சரி, பின்வரிசையில் ஒரு தம்பி ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறான். கேளப்பா.