தங்கியவர் கண்ட மலை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காக்களை மெய்யாக வரைந்து தந்த பெண் ஓவியர்கள் வந்து சென்றவர்களா, அங்கேயே தங்கியவர்களா என்பது இன்றைய தலைப்பு. தங்கியவர்களே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை முன்வைத்தார். பழகப் பழகப் பாலும் புளிக்கும், ஆகவே நாள்தோறும் மலையைப் பார்ப்பவரின் கண் மரத்துப் போகும், வெளியிலிருந்து வருபவருக்குத்தான் வியப்பு மிஞ்சியிருக்கும் என்பது முதல் வாதம். பிலடெல்பியாவிலிருந்து கோடைதோறும் வந்து சென்ற மேரி வாக்ஸ் வால்காட்டின் காட்டுப்பூ நீர்வண்ண ஓவியங்களை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனம் 1925 முதல் 5 தொகுதிகளாக வெளியிட்டதும், அவற்றில் 400 ஓவியங்கள் இடம்பெற்றதும் இரண்டாவது வாதம். இரண்டும் வலுவானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டாவது வாதம் எதிரணிக்கு உதவுவதைவிட எங்களுக்கே அதிகம் உதவுகிறது என்பதைப் பிறகு காட்டுகிறேன்.

முதலில் வியப்பைப் பற்றிப் பேசுவோம். வந்து செல்பவர் எப்போது வந்தார், எங்கே தங்கினார், எந்தப் பக்கமாகப் பார்த்தார் என்று எதிரணி கேட்டுப் பார்த்ததா? ராக்கி மலைகளுக்கு நடுவே உள்ள பான்ஃப் ஊரில் 1888-ல் திறக்கப்பட்ட பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல் 1960களின் பிற்பகுதி வரை கோடைகால ஹோட்டலாகவே இருந்தது. ரயில் நிறுவனம் கட்டிய ஹோட்டல், ரயில் நிறுவனம் அச்சிட்ட சுவரொட்டி, ரயிலில் வந்து இறங்கும் விருந்தினர் என்று அந்த ஏற்பாடு முழுவதும் கோடையை நம்பியே நடந்தது. எனவே வெளியூர் ஓவியரின் வியப்பு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அது பெரும்பாலும் ஆண்டின் ஒரே பருவத்தைப் பற்றிய வியப்புத்தான்.

பான்ஃப் தேசியப் பூங்காவிலுள்ள லூயிஸ் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில்தான் அதன் மேற்பரப்பு உறைபனி உருகி விலகும். அப்போது நீர் கருமை கலந்த நிறத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற, மேலேயுள்ள பனியாறு தன் எடையால் பாறையை அரைத்து வைத்திருக்கும் மாவு போன்ற தூள் உருகுநீரோடு இறங்கி ஏரியில் மிதக்கிறது. அந்தத் தூள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாம் படங்களில் காணும் நீலப்பச்சை நிறம் திரள்கிறது. செப்டம்பர் பிற்பாதியில் மரங்கள் வளரக்கூடிய உயர எல்லையை ஒட்டிய லார்ச் மரங்கள் சில வாரங்களுக்குப் பொன்னிறமாகி ஊசியிலைகளை உதிர்க்கின்றன. பிறகு ஏரி மீண்டும் உறைந்து வெண்சமவெளியாகிவிடுகிறது. ஆகஸ்டில் வந்தவர் தீட்டிய நீலப்பச்சை பொய்யன்று. ஆனால் அதை ஏரியின் நிறம் என்று அவர் சொல்வாரானால், அது அந்த மாதத்தின் நிறம் மட்டுமே என்று திருத்திச் சொல்ல, ஆண்டு முழுவதும் பக்கத்தில் இருந்த ஒருவர் வேண்டும்.

அப்படி இருந்தவர் கேத்தரின் ராப் வைட். அவர் 1906-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பாஸ்டனில் ஓவியம் பயின்றபோது, பான்ஃபில் பிறந்து வளர்ந்த பீட்டர் வைட்டைச் சந்தித்தார். 1930-ல் இருவரும் மணந்துகொண்டு, பான்ஃபில் மரக்கட்டைகளால் ஒரு வீடு கட்டிக் குடியேறினர். அவரும் வெளியிலிருந்து வந்தவர்தானே என்று எதிரணி கேட்கக்கூடும். தலைப்பு பிறப்பைக் கேட்கவில்லை, இருப்பைக் கேட்கிறது. 1979-ல் இறக்கும் வரை அவருக்கு அந்த ஊரே வீடாக இருந்தது.

அங்கே தங்கி வரைவது சுகமான காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். பான்ஃப் ஏறத்தாழ 51 பாகை வட அகலாங்கில் இருப்பதால், டிசம்பர் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகை உயரமே எழும்புகிறது. மலைச்சுவரின் நிழல் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை விழுங்கிவிட, அந்த நிழலுக்குள் கிடக்கும் பனி வெள்ளையாக இல்லாமல், வானத்தின் ஒளியை மட்டும் வாங்கி நீலமாகத் தெரியும். இதைக் கண்டு தீட்ட வேண்டுமென்றால் வெளியே நின்றுதான் ஆக வேண்டும். நீர்வண்ணம் தாளிலேயே உறைந்துவிடும். எண்ணெய் வண்ணமோ குளிரில் இறுகி, தூரிகைக்கு வளைந்து கொடுக்காது. விரல்கள் எவ்வளவு நேரம் ஒத்துழைக்கும் என்பது தனிக் கணக்கு. ஆகவேதான் கேத்தரினும் பீட்டரும் முதுகில் சுமந்து செல்லக்கூடிய சிறு பலகைகளில், ஒளி மாறுவதற்குள் முடித்துவிடக்கூடிய எண்ணெய் வண்ணப் படங்களை வெளியிலேயே அமர்ந்து தீட்டினர். 1930களின் தொடக்கத்தில், 2,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் ஸ்கோக்கி பனிச்சறுக்கு விடுதியை நடத்துவதிலும் அவர்கள் பங்கேற்றனர். பனிக்காலம் கேத்தரினுக்குக் காட்சிப் பொருளாக மட்டும் இல்லாமல் தினசரி வேலையாகவும் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பழகினால் கண் மரத்துப் போகும் என்றார்களே, கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் அருகருகே அமர்ந்து ஒரே மலையைத் தீட்டிய படங்கள் இருக்கின்றன. மரத்துப்போன கண்கள் எதற்காக ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்? லூயிஸ் ஏரிக்கு அப்பால் நிற்கும் விக்டோரியா பனியாற்றின் முகப்பு காலை வெயிலில்தான் துலங்கும். பிற்பகலில் அதே சுவர் தன் நிழலுக்குள் போய்விடும். ஒரே நாளில் இரண்டு மலையாகத் தெரிவதை ஒருமுறை பார்த்தவர் வியக்கலாம், ஆனால் எந்த மலையை என்றைக்கு வரைவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தங்கியவருக்குத்தான் வாய்க்கிறது.

இனி மேரி வாக்ஸ் வால்காட்டிடம் வருகிறேன். அவர் குடும்பத்தோடு முதலில் வந்தது 1887-ல். 1894-ல் மீண்டும் வந்தபோது, பனியாறுகள் தேசியப் பூங்காவிலுள்ள இல்லிசில்லிவெட் பனியாறு பின்வாங்கியிருப்பதைக் கண்டு, அவரும் சகோதரர்களும் அதை அளந்து பதிவு செய்யும் வேலையைத் தொடங்கினர். 1900-ல் அவர் 3,199 மீட்டர் உயரமுள்ள ஸ்டீபன் மலையின் உச்சியை அடைந்தார். நடுவர் அவர்களே, பனியாறு நகர்ந்திருப்பதை யாரால் கண்டுபிடிக்க முடியும்? முன்பு அது எங்கே நின்றது என்று அறிந்து, திரும்பி வந்தவரால்தான். எதிரணி தங்கள் வலுவான சாட்சியாக நிறுத்திய அம்மையார் பெற்ற சிறப்பெல்லாம், அவர் வந்ததால் கிடைத்ததன்று, விடாமல் திரும்பியதால் கிடைத்தது. அவரைப் பாதிக் குடித்தனக்காரர் என்றே நான் கணக்கில் வைக்கிறேன்.

அவருடைய தோழி மேரி ஷேஃபர் இன்னும் தெளிவான சாட்சி. 1907-ல் வெளிவந்த ராக்கி மலைத் தாவர நூலுக்குப் படம் வரைந்தவர் அவர். அடுத்த ஆண்டு, ஸ்டோனி நகோடா என்ற பழங்குடி இனத்தவரான சாம்சன் பீவர் நினைவிலிருந்து வரைந்து கொடுத்த வரைபடத்தைக் கைக்கொண்டு, இன்று ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் இருக்கும் மலீன் ஏரியை அடைந்தார். ஓவியரான அவருக்கு வழிகாட்டியது, சிறுவனாக அங்கே போய்வந்த ஒருவரின் கோடுகள் என்பதைக் கவனியுங்கள். மலையோடு வாழ்ந்தவரின் நினைவுதான் முதலில் தாளில் ஏறியது, பிறகுதான் விருந்தினர் சென்று சேர்ந்தார். அந்த மேரி ஷேஃபரும் கோடை வருகைகளோடு நிறைவு கொள்ளவில்லை. 1912-ல் பிலடெல்பியாவை விட்டுப் பான்ஃபிலேயே குடியேறி, 1939-ல் அங்கேயே மறைந்தார். வந்து போவதே போதுமென்றால் அவர் ஏன் வீட்டை மாற்றினார்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்குவதற்குப் பணம் தேவைப்பட்டது. கேத்தரினிடம் அது இருந்தது. வசதியற்ற எத்தனையோ பெண்களுக்கு ஒரு கோடைப் பயணமே பெரும்பேறாக இருந்திருக்கும். அவர்கள் தீட்டியதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தலைப்பு யாருக்கு வாய்ப்புக் கிடைத்தது என்று கேட்கவில்லை, மலை யாருடைய படத்தில் முழுமையாகக் கிடைக்கிறது என்று கேட்கிறது. தங்கியவரின் படத்தில் மலையோடு மனிதரும் வந்துவிடுகிறார்கள். கேத்தரின் ஸ்டோனி நகோடா மக்களோடு நீண்டநாள் நட்பு கொண்டு, அவர்களுடைய உருவப்படங்களையும் தீட்டினார். ஒருவர் முகத்தைத் தீட்டும் அளவுக்கு நெருங்குவதற்கு ஒரு கோடை போதாது. பீட்டர் 1966-ல் மறைந்த பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. இருவரும் திட்டமிட்ட நிறுவனம் 1968-ல் பான்ஃபில் திறக்கப்பட்டது. ராக்கி மலைகளின் ஓவியங்களும் ஆவணங்களும் இன்று வைட் அருங்காட்சியகம் என்ற பெயரில் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான் உண்டு. ஒரே ஒருமுறை வந்து போன ஒரு பெண் ஓவியர், ஜனவரி மாதத்து ராக்கி மலைப் பனியில் நின்று தீட்டிய ஒரு படத்தை அவர் இந்த அவைமுன் எடுத்துக் காட்டட்டும். காட்டிய பிறகு நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்கட்டும்.